ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: தேர்வு மெனு ஏன் சில நேரம் வருவதில்லை?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். விண்டோஸ் 11 உள்ள லேப்டாப், 512 ஜிபி எஸ்எஸ்டி. கல்லூரி புராஜெக்டுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் வேண்டும், விண்டோஸும் போகக் கூடாது. பவர் பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு வர வேண்டும். உங்கள் நண்பர் இதே வேலையைச் செய்தபோது உபுண்டு ஏறிவிட்டது, ஆனால் மெனு வரவே இல்லை, நேராக விண்டோஸ்தான் திறக்கிறது என்கிறீர்கள். கேள்வி மெனுவைப் பற்றியது. ஆனால் "எல்லாம் அழிந்துவிட்டால் என்ன செய்வது" என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மனம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் இரண்டும் கணினியின் வேறு வேறு இடங்களில் நடப்பவை. அதைப் பிரித்துப் பார்க்காதவர்கள், பயப்பட வேண்டாத இடத்தில் நடுங்கிவிட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார்கள்.

ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வரும் மாணவர்களில் பாதிப் பேர் உங்கள் கேள்வியோடு வருவார்கள். மீதிப் பேர், கேட்காமல் செய்துவிட்டு வருவார்கள்.

முதலில் மெனு. கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் இல்லை, உபுண்டுவும் இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு நிரல் ஒன்று விழிக்கிறது. பழக்கத்தில் எல்லோரும் அதை பயாஸ் என்கிறோம், இன்றைய கணினிகளில் இருப்பதற்கு யூஇஎஃப்ஐ என்று பெயர். பழைய பயாஸுக்கு விவரம் எதுவும் தெரியாது. வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து ஓட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த 512-இலும் நிரலுக்கு என்று கிடைத்தது 446 பைட்தான், மீதி பெரும்பாலும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, அதாவது வட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியலுக்கு. ஒரே ஒரு நாற்காலி, கடைசியாக வந்தவர் அதில் உட்கார்ந்துகொள்வார். லினக்ஸை ஏற்றிய பிறகு விண்டோஸை மறுபடி நிறுவினால் லினக்ஸ் காணாமல் போகும் என்று அண்ணன்மார்கள் பயமுறுத்துவது அந்தக் காலத்துக் கதை. லினக்ஸ் எங்கும் போயிருக்காது, அதை எழுப்பும் நிரல் நாற்காலியை இழந்திருக்கும், அவ்வளவுதான்.

யூஇஎஃப்ஐ-யில் நாற்காலிச் சண்டை இல்லை. வட்டில் ஃபேட்32 வடிவில் சிறிய பார்ட்டிஷன் ஒன்று இருக்கும், பெரும்பாலும் 100 முதல் 300 எம்பி வரை. அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு கோப்புறை, உபுண்டு என்று இன்னொரு கோப்புறை. ஒவ்வொன்றிலும் அந்தந்த இயங்குதளத்தை எழுப்பும் நிரல் இருக்கிறது. ஒருவர் கோப்புறையில் மற்றவர் கை வைப்பதில்லை. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மட்டும் வட்டில் இல்லை, தாய்ப்பலகையின் சிறு நினைவகத்தில் இருக்கிறது. உபுண்டுவை நிறுவும்போது அது தன் பெயரை அந்த வரிசையில் சேர்த்து, முதலிடத்திலும் வைத்துக்கொள்ளும். நீங்கள் எதிர்பார்க்கும் அந்தக் கறுப்புத் திரை மெனு, உபுண்டு கொண்டுவரும் கிரப் என்ற நிரலின் மெனு. கிரப் முதலில் அழைக்கப்பட்டால்தான் மெனு வரும். வரிசையில் விண்டோஸ் முதலில் இருந்தால் கிரப்புக்கு வாய் திறக்கவே வாய்ப்பில்லை.

உங்கள் நண்பருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். அவருடைய உபுண்டு பத்திரமாக வட்டில் இருக்கிறது, வரிசையில்தான் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. சோதிப்பது சுலபம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்' என்பதன் எதிரே இருக்கும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்று ஒரு தேர்வு வரும். அதற்குள் உபுண்டு என்ற பெயர் இருந்தால், அதை அழுத்தியதும் கிரப் மெனு வந்து நிற்கும். பிறகு பயாஸ் அமைப்புக்குள் போய், பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றி, சேமித்து வெளியே வந்தால் போதும். இதற்காக உபுண்டுவை மறுபடி நிறுவத் தேவையில்லை. மெனு வரவில்லை என்று மூன்று முறை நிறுவி, மூன்று உபுண்டுகளைச் சுமந்துகொண்டிருந்த ஒரு லேப்டாப்பை நான் பார்த்திருக்கிறேன். மூன்றும் நன்றாகவே இருந்தன.

ஒரு சங்கடம் உண்டு. சில லேப்டாப்புகள் நாம் மாற்றி வைத்த வரிசையை மதிப்பதில்லை. அடுத்த முறை இயக்கும்போது விண்டோஸ் மறுபடி மேலே ஏறியிருக்கும். சில நேரம் விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு முடிந்த பிறகும் அப்படி நடக்கிறது. இதை வெல்ல, கோப்புகளின் பெயரை மாற்றி ஏமாற்றும் தந்திரங்கள் பல உலவுகின்றன. எனக்கு அவற்றில் விருப்பமில்லை. அடுத்த புதுப்பிப்பில் அவை கவிழ்ந்துவிடும். இயக்கும்போது பூட் மெனு விசையைத் தட்டுவது எவ்வளவோ மேல். லெனோவோ, டெல் லேப்டாப்புகளில் அது பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி-யில் எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பயாஸ் அமைப்புக்குள் போய் அந்த விசைக்கு முதலில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் மாடலை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே இதில் எது உங்களுடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விசையைத் தட்டினால் வருவது தாய்ப்பலகையின் சொந்த மெனு. கிரப் கெட்டுப்போனாலும் அது வரும்.

கிரப் மெனு வந்து, அதில் விண்டோஸின் பெயர் மட்டும் இல்லாமல் போவது வேறு கதை. மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பிடித்து மெனுவில் சேர்க்க ஓஎஸ்-புரோபர் என்று ஒரு துணை நிரல் உண்டு. 2021-ல் வெளியான கிரப் 2.06 முதல், பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி அதை இயல்பாகவே நிறுத்தி வைத்துவிட்டார்கள். சில லினக்ஸ் பதிப்புகள் தாங்களாகவே அதைத் திறந்துவைக்கின்றன, சில வைப்பதில்லை. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்த நிரலை முடக்கும் வரியை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிட்டு, அப்டேட்-கிரப் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும், விண்டோஸ் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே கோப்பில் மெனு எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்பதையும் மாற்றலாம். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் உபுண்டு பொதுவாகப் பத்து விநாடி காத்திருந்துவிட்டுத் தானே திறந்துகொள்ளும். விண்டோஸ் புதுப்பிப்பை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள், திரும்பி வந்து பார்த்தால் உபுண்டு திறந்திருக்கும். புதுப்பிப்பு பாதியில் நிற்கும். பயப்பட வேண்டாம், விண்டோஸுக்குள் மறுபடி போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே மறுமுறையும் திறக்கும்படி கிரப்பிடம் சொல்லி வைக்கவும் வழி இருக்கிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மெனு விவகாரம் இவ்வளவுதான். மெனு தொலைந்து யாருடைய கோப்பும் போனதாக நான் பார்த்ததில்லை. கோப்புகள் போனது எல்லாம் வேறு இடங்களில்.

அவற்றில் முதலாவது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர், அதனால் தன்னிடம் இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போகும் பெரும்பாலான கணினிகளில் இது கேட்காமலே இயங்கிவிடுகிறது. வட்டில் உள்ளது முழுவதும் பூட்டப்பட்டிருக்கும். சாவி தாய்ப்பலகையில் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருக்கும். தொடங்கும் விதத்தில் ஏதேனும் மாறினால், உதாரணமாக, கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை நீங்கள் அணைத்தால், அந்தச் சில்லு சாவியைக் கொடுக்காது. நீலத் திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனாலே சில கணினிகளில் கேட்பதுண்டு. எண் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் வட்டில் இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். இதற்குக் குறுக்கு வழி சொல்கிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒருமுறை இறுதியாண்டு மாணவி ஒருத்தி அந்த நீலத் திரையோடு வந்தாள். புராஜெக்ட் வைவா மறுநாள். செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்ன ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து அணைத்திருந்தாள். மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், பதறாதே என்று சொல்லி, அவள் கைபேசியிலேயே கணக்கைத் திறந்து பார்த்தோம். அங்கே எந்தக் கணினியும் இல்லை. திரையின் கீழே எந்தக் கணக்கில் தேட வேண்டும் என்ற குறிப்பு இருந்தது, அந்த மின்னஞ்சல் முகவரி அவளுடையது இல்லை. அரைமணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. லேப்டாப்பை விற்ற கடைக்காரர், "நானே செட் செய்து தருகிறேன்மா" என்று சொல்லி, தன் சொந்தக் கணக்கைப் போட்டு விண்டோஸைத் திறந்து கொடுத்திருக்கிறார். கடை சாத்தும் நேரத்தில் அவரைப் பிடித்து, தொலைபேசியில் எண்ணை எட்டுக் கூறாக, ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கமாக வாங்கினோம். ஐந்தாவது கூறில் இரண்டு இலக்கத்தை அவர் மாற்றிச் சொன்னதில் இன்னொரு பத்து நிமிடம் போனது. அன்று செக்யூர் பூட்டைப் பழையபடி இயக்கிப் பார்த்தாலே சாவி கேட்காமல் திறந்திருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே உபுண்டுவின் பக்கமே போகாமல் நீங்கள் இன்று செய்ய வேண்டியது ஒன்று. செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் சொந்தக் கணக்கில் அந்த 48 இலக்க எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று வேறொரு கருவியில் திறந்து பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். புராஜெக்ட் முடியும் வரை அதை அணைத்தே வைக்கலாம் என்பது என் கருத்து. அணைத்ததும் பூட்டு முழுவதும் அவிழச் சில மணி நேரம் பிடிக்கலாம், அது முடியும் வரை பொறுத்திருங்கள். லேப்டாப் திருடு போனால் கோப்புகளைப் பிறர் படிக்க முடியும் என்ற குறை அதில் இருக்கிறது. அந்தக் கவலை உள்ளவர்கள் அணைக்காமல், எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொடரட்டும். பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், உபுண்டு நிறுவியின் பல பதிப்புகள் விண்டோஸுக்கு அருகிலேயே நிறுவும் எளிய தேர்வைக் காட்டுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்தது. இது இயக்கத்தில் இருக்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் உட்கரு (கெர்னல்) தன் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்கப் போகிறது. மறுநாள் அதை அப்படியே எடுத்துத் தொடர்கிறது. நடுவில் நீங்கள் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் ஒரு கோப்பை எழுதினால், உறங்கிக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாது. விழித்ததும் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டு எழுதுவார், கோப்பு முறைமை கெட்டுப்போகும். உபுண்டு இதை உணர்ந்து அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் அனுமதிப்பது உண்டு, சில நேரம் திறக்கவே மறுப்பதும் உண்டு. 'விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை' என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இதனால்தான். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குள் போய் இதை எடுத்துவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்துதான் மீள்கிறது, 'ஷட் டவுன்' கொடுத்தால்தான் பாதி உறக்கம். பெயருக்கு நேர் எதிர்.

மூன்றாவதுதான் உண்மையான ஆபத்து. பார்ட்டிஷன் திரை. உபுண்டு நிறுவியில் வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும் தேர்வும், அருகருகே நிறுவும் தேர்வும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்து, அடுத்து வரும் உறுதிப்படுத்தும் திரையையும் படிக்காமல் தாண்டினால் விண்டோஸ் போய்விடும். நிறுவியில் அந்த இரண்டு திரைகளில் மட்டும்தான் உங்கள் கோப்புகள் அழிய முடியும். மற்ற எந்தப் பக்கத்திலும் மொழி, நேர மண்டலம், பெயர் என்று எதைத் தவறாகக் கொடுத்தாலும் திருத்திக்கொள்ளலாம். ஆகவே முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உட்காருங்கள். சொருகியே வைத்திருந்து, அதையே அழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

உபுண்டுவுக்கான இடத்தை விண்டோஸிலேயே ஒதுக்கிக்கொள்வது நல்லது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். உபுண்டு 24.04-க்கு 25 ஜிபி போதும் என்று அதை வெளியிடுபவர்கள் சொல்கிறார்கள், அது நிறுவி முடிப்பதற்குத்தான் போதும். நீங்கள் புராஜெக்ட் செய்ய 80 முதல் 100 ஜிபி வரை வையுங்கள். டிரைவில் 200 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொன்னால், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் குந்தியிருக்கிறது என்று பொருள். ஹைபர்னேஷன், சிஸ்டம் ரீஸ்டோர், பேஜ் ஃபைல் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். சுருக்கிய இடத்தை அப்படியே விடுங்கள்; அதில் புதிய டிரைவ் உருவாக்கி, எழுத்துக் கொடுத்து, வடிவமைத்துவிடாதீர்கள். உபுண்டு நிறுவி காலி இடத்தைத்தான் தேடும். பக்கத்தில் ரெக்கவரி என்று சிறு பார்ட்டிஷன் ஒன்று தெரியும், இடத்தை அடைக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள்.

உபுண்டுவை நிறுவுவதற்கான பென் டிரைவைத் தயாரிப்பது பற்றி நீட்ட வேண்டியதில்லை. அதைத் தயாரிக்கும் நிரல்களான ரூஃபஸ், வென்டாய் இரண்டில் எதுவானாலும் சரி, 8 ஜிபி போதும், அதில் உள்ளது அழிந்துவிடும். ஆனால் அதிலிருந்து தொடங்கியதும் உடனே நிறுவாதீர்கள். 'டிரை உபுண்டு' என்று கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வட்டு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இன்டெல் செயலி உள்ள சில லேப்டாப்புகளில் வட்டே தெரியாது. பயாஸில் சேமிப்பகம் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் இருப்பதுதான் காரணம். அதை ஏஹெச்சிஐ என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றியதும் விண்டோஸ் நீலத் திரையில் விழும், ஏனென்றால் அந்த முறைக்கான இயக்கி (டிரைவர்) தொடக்கத்தில் ஏற்றப்படுவதில்லை. விண்டோஸை முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, அந்த ரீஸ்டார்ட்டின் நடுவே பயாஸில் மாற்றினால், இயக்கி ஏறிவிடும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம். இந்த ஒரு வேலையை மட்டும், முன்பு செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

செக்யூர் பூட்டை அணைக்க வேண்டுமா என்றால், உபுண்டுவுக்குத் தேவையில்லை. கிரப்புக்கு முன்னால் ஓடும் ஷிம் என்ற சிறு நிரலில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருக்கிறது, அதனால் யூஇஎஃப்ஐ அதை அனுமதிக்கும். இந்த ஏற்பாடு ஒருமுறை சறுக்கியதும் உண்மை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பழைய ஷிம்களைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் அது செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பல கணினிகளில் லினக்ஸ் தொடங்காமல் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற பிழை காட்டி நின்றது. இதை முழுமையாகச் சரிசெய்யும் புதுப்பிப்பு 2025 மே மாதம்தான் வந்தது. அப்போதும் கோப்புகள் எதுவும் போகவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து உள்ளே போய்ச் சரிசெய்ய முடிந்தது. அந்த நேரத்தில் பிட்லாக்கர் எண் கையில் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்னத் தொல்லை வரும், அதை வைரஸ் என்று நினைத்துவிடாதீர்கள். உபுண்டுவைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் என்பதால் சரியாக அவ்வளவே குறைகிறது. உபுண்டுவில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்தை எழுதும்படி சொல்லிவிட்டால் தீர்ந்தது.

நமக்கு இது ஒன்றும் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகளின் கையில் இரண்டு இயங்குதளக் கணினிகளை அரசே கொடுத்தது. அவர்களில் சிலர் எங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது கேட்டால், "அந்த இன்னொன்றைத் தொட்டதே இல்லை சார்" என்பார்கள். தேர்வு மெனு தினமும் கண்முன் வந்தாலும், தேவை வராதவரை எவரும் அதில் கீழ்நோக்கு விசையை அழுத்துவதில்லை.

அதனால்தான் உங்களிடமும் கேட்கிறேன்: புராஜெக்ட் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. சி, பைத்தான், லினக்ஸ் கட்டளைகள் பழகுவது மட்டும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி போதும், பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். ரோபோவையோ வேறு வன்பொருளையோ நேரடியாக இயக்குவது, உட்கருவில் மாற்றம் செய்வது என்றால் தனியாக நிறுவுவதுதான் சரி. லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டி பொருத்த இடம் இருந்தால், உபுண்டுவை அதில் போடுவது எல்லாவற்றிலும் நிம்மதியான வழி. அதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டாவது வட்டைக் காட்டினாலும், உபுண்டுவின் பழைய நிறுவி தொடக்கக் கோப்புகளை முதல் வட்டின் சிறு பார்ட்டிஷனிலேயே வைத்துவிடும். நிறுவும்போது முதல் வட்டை பயாஸில் முடக்கிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

பின்னாளில் உபுண்டு வேண்டாம் என்றால், முதலில் பயாஸில் விண்டோஸை வரிசையின் மேலே ஏற்றிவிட்டு, அதன் பிறகு உபுண்டு பார்ட்டிஷனை அழியுங்கள். வரிசையை மாற்றாமல் அழித்தால், கிரப் தன் மெனுக் கோப்பைக் காணாமல் வெறும் எழுத்துத் திரையில் கட்டளைக்காகக் காத்து நிற்கும். அப்படி நின்றாலும் பூட் மெனு விசையைத் தட்டி விண்டோஸுக்குள் போய்விடலாம்.

சுருக்கி முடித்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைக் கைபேசியில் படம் எடுத்துப் போடுங்கள். உபுண்டு நிறுவியின் பார்ட்டிஷன் பக்கம் வந்ததும் அதையும் படம் எடுத்துப் போட்டுவிட்டு, 'இன்ஸ்டால்' அழுத்தாமல் அப்படியே நிறுத்தி வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் உடனே பார்த்துச் சொல்லிவிடுவேன்.